மீதியாரின் 6,29,072

4-3-1991 — 5,89,786
21-3-1991 — 2,94,896
2-4-1991 — 3,58,336
9-4-1991 — 4,18,904
30-4-1991 — 3,66,556
17-5-1991 — 2,74,924
20-5-1991 — 2,75,444
3-6-1991 — 2,43,760
6-6-1991 — 3,76,736
11-6-1991 — 3,81,028
8-7-1991 — 2,85,778
19-8-1991 — 1,42,892

இது வட்டிக் கணக்கும் இல்லை, வாடகைக் கணக்கும் இல்லை. கழிவுநீர் ஏற்று நிலையத்தில் பம்பு ஓட்டிய ஒருவர், முதல் பம்பின் பித்தளைத் தகட்டில் இருந்த 6,29,072 என்ற எண்ணிலிருந்து புறப்பட்டுப் போட்டுக்கொண்டே போன கூட்டல்கள். ஒவ்வொரு தேதியும் ஒரு கூட்டல் முடிந்த நாள். முதல் பதினொன்றும் சரி. பன்னிரண்டாவது தப்பு. அந்த ஒரு வரியால் அவர் பட்ட அருவருப்பை, சாக்கடையை வாரிய இத்தனை வருடத்திலும் அவர் பட்டதில்லை.

ஆள் யார் என்று சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருடம் ஒரு நூற்பாலையில் நூல்கண்டுகளை எண்ணிக் கட்டும் இடத்தில் இருந்தவர். ஆலை மூடியபோது வயது நாற்பத்தாறு. அந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? மனைவியின் தம்பி கொடுத்தான், அதாவது கொடுக்க வைத்தான். மச்சினன் எண் ஜோசியன். பேரில் ஓர் எழுத்தைக் கூட்டி, ஓர் எழுத்தைக் குறைத்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுக்கச் சொல்லிப் பிழைப்பவன். அப்படிக் கோடு இழுத்துக்கொண்ட அதிகாரி ஒருவரின் தயவில் அத்தானுக்குப் பம்பு நிலையத்தில் இடம் கிடைத்தது. ஆகவே வீட்டில் அவன் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்ல முடியாது. இது பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் வேர்.

நிலையம் என்பது தரைக்குக் கீழே போகும் ஓர் அறை. படி இறங்கினால் மூன்று பம்புகள். சுவருக்கு அந்தப்பக்கம் தொட்டி. தொட்டியின் வாயில் கம்பிச் சல்லடை. ஊர் முழுவதும் கழுவி ஊற்றியது அந்தச் சல்லடையில் வந்து மோதும். தண்ணீர் உள்ளே போகும், மற்றதெல்லாம் கம்பியில் நிற்கும். துணி, முடி, கோழி இறகு, நெகிழிப் பை, பேர் சொல்ல முடியாதவை. மணிக்கு ஒருமுறை நீண்ட வாரியால் அதை வழித்து மேலே இழுத்துப் போட வேண்டும். வழிக்கும்போது முடியும் கொழுப்பும் சேர்ந்து ஒரு கயிறு மாதிரி நீளும். அறுந்து விழாது.

முதல் மூன்று நாளும் அவர் வாந்தி எடுத்தார். கூட வேலை பார்த்த மெக்கானிக் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மூக்கைப் பொத்தாதீங்க."

"பொத்தாம என்ன பண்றது?"

"மூக்கைப் பொத்தினா வாயைத் திறப்பீங்க. வாய்வழியாப் போனா ருசி தெரியும்."

அதற்கும் ஒருமுறை எடுத்தார்.

நான்காம் நாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த அறையில் சுத்தமாக இருந்த ஒரே பொருள் முதல் பம்பின் பித்தளைத் தகடு. எண்ணெய்த் துணியால் யாரோ எப்போதும் துடைத்து வைத்திருந்தார்கள். கண்ணை அதில் வைத்துக்கொண்டு வாரியை இழுத்தார். கண் மட்டும் போதவில்லை, மனத்தையும் வைக்க வேண்டியிருந்தது. தகட்டில் இருந்தது 629072. இரண்டால் வகுத்தார். இன்னொரு முறை வகுத்தார். நான்கு முறை போயிற்று. 39,317 நின்றது. மூன்றால் போகவில்லை. ஏழால் போகவில்லை. பதினொன்றால் பார்ப்பதற்குள் சல்லடை சுத்தமாகிவிட்டது. வயிறும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்படித்தான் தொடங்கியது. கணக்கின் மேல் காதல் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. குமட்டலுக்கு மருந்து.

மருந்து பழக்கமாயிற்று. எப்போது பார்த்தாலும் உதடு அசையும், "மீதி நாலு, மீதி ஒம்பது" என்று. மெக்கானிக் 'மீதியார்' என்று பெயர் வைத்தான். மூன்று மாதத்தில் சம்பளம் கொடுக்கும் இடத்திலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சொன்ன ஒன்று அவருக்கு நினைவிருந்தது. ஆறை மிச்சமில்லாமல் வகுக்கும் சின்ன எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் கூட்டினால் ஆறே திரும்ப வரும். தகட்டு எண்ணும் அந்த ஜாதியா என்று பார்த்தார். 39,317 எதற்கும் மசியாத பகா எண். ஆக, தன்னைத் தவிர 6,29,072-ஐ வகுப்பவை ஒன்பது: 1, 2, 4, 8, 16, 39,317, 78,634, 1,57,268, 3,14,536. கூட்டினால் 5,89,786. முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் துண்டு விழுந்தது.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். மீதியார், சரி, இந்த 5,89,786-ஐ வகுப்பவற்றைக் கூட்டினால் என்ன வரும் என்று கேட்டார். 2,94,896 வந்தது. பாதியாக இறங்கிவிட்டது. அதை எடுத்துப் போட்டார். ஏறியது. மறுபடி ஏறியது, அப்புறம் இறங்கியது. எங்கே போய் நிற்கும் என்று பார்க்காமல் இனித் தூக்கம் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இதற்குப் பகா எண்களின் பட்டியல் வேண்டும். 5,89,786-இல் பாதியான 2,94,893 பகா எண் என்று அடித்துச் சொல்ல, 541 வரைக்கும் உள்ள நூறு பகா எண்களாலும் வகுத்து, ஒவ்வொன்றிலும் மீதி நிற்பதைப் பார்த்தாக வேண்டும். கீழறையின் ஈரத்தில் காகிதம் நாலு நாளில் ஊறி நாறிவிடும். ஆகவே சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் எழுதினார். பம்புக்குப் பக்கத்தில் கீழே தொடங்கி, படியோடு மேலே ஏறும் பத்து வரிகள், வரிக்குப் பத்து எண்கள். ஒரு சங்கிலி எந்தப் பகா எண்ணில் வந்து முடிகிறதோ அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது அவர் வைத்துக்கொண்ட முறை. பழக்கத்துக்காகப் பத்தை எடுத்துப் போட்டபோது எட்டு, ஏழு, ஒன்று என்று முடிந்தது. ஏழைச் சுற்றி ஒரு வட்டம்.

வகுத்தல் எல்லாவற்றையும் மூன்று தடவை போடுவார். சுவரை மட்டும் ஒரு தடவைக்கு மேல் சரிபார்க்கவில்லை. சுவர் எங்கே போகும் என்ற நினைப்பு.

27-7-1991 அன்று மின்சாரம் போயிற்று. மூன்று பம்பும் நின்றன. தொட்டி நிறைந்து, கதவிடுக்கு வழியாகக் கீழறைக்குள் வந்தது. மின்சாரம் வரும்வரை மீதியாரும் மெக்கானிக்கும் படியில் நின்று அது ஏறுவதைப் பார்த்தார்கள். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை. மேலே ஒரு நுரை, நுரைக்கு மேல் ஊரார் மறைக்க நினைத்ததெல்லாம் மிதந்தன.

கழிவுநீர் இறங்கியபின் சுவரின் கீழ் நான்கு வரிகள் இல்லை. அந்த இடத்தில் விரல் கனத்துக்குக் கருப்பாக ஒரு பசை. வழித்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். நாற்றம் போகவில்லை. சுவரே உள்ளுக்குள் அழுகிவிட்டது போல இருந்தது. மீதியார் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அழிந்த வரிகளை மனத்திலிருந்து எழுதினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து முடிந்தவரை எழுதுவார். நெஞ்சு முட்டும்போது படியேறி ஓடி ஒரு மூச்சு வாங்குவார். திரும்பி வந்து அடுத்த வரி. வரிக்குப் பத்து என்ற ஒழுங்கு போயிற்று. மூச்சுக்கு ஒரு வரி என்றாயிற்று. நாலு எண் ஒரு வரியில், ஏழு எண் ஒரு வரியில்.

ஒரு மூச்சு 41-இல் தீர்ந்தது. அடுத்த மூச்சு 47-இல் தொடங்கியது.

மறதி இல்லை, அறியாமை இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 41-க்கு அடுத்தது 43 என்பார். அருவருப்பு தின்றுவிட்டது அந்த எண்ணை.

பன்னிரண்டாவது கூட்டலுக்கு 2,85,778 கையில் இருந்தது. அதில் பாதி 1,42,889. சுவரைப் பார்த்து வகுத்தார். 37-இல் மீதி 32. 41-இல் மீதி 4. 47-இல் மீதி 9. பட்டியல் முழுவதும் போய்வந்தார், மூன்று தடவை. எதற்கும் மசியவில்லை. பகா எண் என்று எழுதி, 1, 2, 1,42,889 மூன்றையும் கூட்டி, 1,42,892 என்று போட்டார். தேதியும் போட்டார்.

அதற்கப்புறம் சங்கிலி சரிந்துகொண்டே வந்தது. டிசம்பரில் ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. 22-12-1991 விடுமுறை நாள். சின்ன எண்களுக்குச் சுவர் தேவையில்லை என்று வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து போட்டார். 512, 511, 81, 40, 50, 43, 1. ஒன்றுக்குக் கீழே போக வழியில்லை. பென்சிலை வைத்துவிட்டார்.

"என்னங்க, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுடுச்சு. ஒண்ணுல வந்து நின்னுடுச்சு."

"நல்லதுதானே. இனிமேலாவது சாப்பிடும்போது என் முகத்தைப் பாப்பீங்க."

அன்றைக்கு மச்சினனும் இருந்தான். பத்து விரலில் ஏழு மோதிரம். தட்டில் இருந்ததை மோதிரத்தோடு பிசைந்து, அதே விரலை நாக்கில் தொட்டுக் காகிதத்தைப் புரட்டினான். மீதியாருக்குச் சல்லடையை வழிப்பதுபோல் இருந்தது.

"அத்தான், இது என்ன நம்பர்?"

"பம்புத் தகட்டுல இருக்கறது."

"கூட்டினா இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. எட்டுன்னா கஷ்டம், அலைச்சல், அடி. இது கடைசியா எங்க வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"ஒண்ணு."

"எட்டுல பொறந்து ஒண்ணுல அடங்குது!" என்று அவன் தொடையில் தட்டிக்கொண்டான். "அக்கா, இங்க பாரு. உன் வீட்டுக்காரரு சாக்கடைக்குள்ள உக்காந்து வைரத்தைத் தோண்டி எடுத்திருக்காரு."

"தோண்டினது கையைக் கழுவிட்டு வரச்சொல்லு" என்றாள் அக்கா.

மச்சினன் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மீதியார் கொடுத்தார். முடிந்துபோன கணக்குதானே, யாருக்கு என்ன கேடு என்று நினைத்தார்.

3-1-1992 அன்று மீதியார் கீழறையில் கரித்துண்டோடு நின்றார், 43-ஐச் சுற்றி வட்டம் போட. தேடினார். 41 இருந்தது. பக்கத்தில் 47 இருந்தது. நடுவில் சுண்ணாம்பு. அவர் முதுகில் ஏதோ ஈரமாக ஊர்ந்ததுபோல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, பன்னிரண்டாவது வரியின் 1,42,889-ஐ 43-ஆல் வகுத்தார். 3,323. மீதி பூச்சியம்.

"என்னண்ணே, பிசாசைப் பாத்தமாதிரி?" என்றான் மெக்கானிக்.

"நாலு மாசமாப் போட்டது அத்தனையும் அழுக்குடா" என்றார் மீதியார்.

சரியான பன்னிரண்டாவது கூட்டல் 1,52,990. அன்றைக்கே போட்டார். அன்றைக்கே மாலை மச்சினன் கடைக்குப் போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிவரலாம் என்று நடந்தார். கடை வாசலில் அட்டைக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் அட்டை, மேலே வழவழப்பான பூச்சு. 'ஒன்றில் ஒடுங்கும் உன்னத எண்' என்று சிவப்பில் தலைப்பு. கீழே முப்பத்தேழு வரிகளும், தப்பு வரி உட்பட. கடைசியில், 'கண்டறிந்தவர்: நீரேற்று நிலைய அதிகாரி', நிலையத்தின் முகவரியோடு.

"இது தப்பு. பன்னெண்டாவது வரியில நாப்பத்து மூணு விட்டுப்போச்சு. அதுக்குக் கீழ உள்ளது எல்லாமே தப்பு."

"அத்தான், கடைசி வரி ஒண்ணுதானே?"

"தப்பாப் போட்டதால ஒண்ணு."

"சரியாப் போட்டா?"

"தெரியாது. இனிமேத்தான் போடணும்."

"அப்ப தெரியாததை எப்படி அத்தான் அச்சடிக்கறது? இது தெரிஞ்சது." அவன் சிரித்தபோது பாக்குக் கறை படிந்த பற்கள் தெரிந்தன. "எவன் ஒக்காந்து வகுக்கப்போறான்? முப்பத்தேழு வரி அத்தான். பாத்ததுமே கும்பிட்டுருவான்."

எவன் உட்கார்ந்து வகுக்கப்போகிறான் என்ற அந்தக் கேள்விதான் மீதியாரைக் குத்தியது. அன்றிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த அட்டையை வாங்கியவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், நம்பாமல் உட்கார்ந்து வகுத்துப் பார்க்க வேண்டும்.

14-6-1992 அன்று சரியான சங்கிலி முடிந்தது. முடிந்தது என்று சொல்லக்கூடாது. இறங்கி, இறங்கி, 14,316 வரை வந்தது. அங்கிருந்து ஏறத் தொடங்கியது. 19,116, 31,704, 47,616, 83,328, 1,77,792, 2,95,488. அந்தக் கடைசி எண்ணை இரண்டால் ஆறு முறையும் மூன்றால் ஐந்து முறையும் வகுக்கலாம், 19 நிற்கும். வகுப்பவற்றை எல்லாம் கூட்டினார். 6,29,072. தலையைத் தூக்கினார். எதிரே பித்தளைத் தகடு. இருபத்தெட்டாவது கூட்டலில் எண் தன் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அந்த வளையத்தில் இருக்கும் இருபத்தெட்டு எண்களிலும் பெரியது அதுதான்.

உள்ளூர்க் கல்லூரிக்கு எழுதிக் கேட்டார். கணிதப் பேராசிரியர் ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். வளையம் சரிதான், ஆனால் நாம் இருவரும் பிறப்பதற்கு முன்பே புத்தகத்தில் ஏறிவிட்டது, நீங்கள் தனியாக நடந்தே வந்து சேர்ந்தது சந்தோஷம் என்று. மீதியாருக்கு வருத்தமில்லை. இதற்கு முன்னால் யாரோ ஒருவர் 43-ஐ விடாமல் வகுத்திருக்கிறார் என்பதே ஆறுதலாக இருந்தது.

அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மச்சினனுக்கு முன்னால் வைத்தார்.

"புத்தகத்துல இருக்கறது யாருக்கு அத்தான் வேணும்?" என்றான் அவன். "பொறப்பட்ட எடத்துக்கே திரும்புதுன்னு போட்டா, கடனாளி என்ன நினைப்பான்? திரும்பக் கடனாளி ஆவேன்னு நினைப்பான். நோயாளி? விடுங்க. ஒண்ணுதான் நல்லா இருக்கு."

"என் பேர்ல பொய் போகுது."

"உங்க பேரா? அதிகாரின்னுதானே போட்டிருக்கு. பதவி உயர்வு குடுத்ததுக்கு ஒரு நன்றியாவது சொன்னீங்களா?"

மனைவி கரண்டியைத் தட்டில் போட்டாள். "டேய், வேலை வாங்கிக் குடுத்தே, சரி. அதுக்காக மனுசனை வித்துத் தின்பியா?"

"அக்கா, எல்லாரும் எதையாவது வித்துத்தான் தின்கிறோம். நீ கொழம்பை ஊத்து."

அவள் ஊற்றவில்லை. ஆனாலும் அட்டை நிற்கவில்லை.

அட்டை எங்கும் பரவியது. மருந்துக் கடையில் மாத்திரை டப்பாவுக்கு மேல், பேருந்து ஓட்டுநரின் தலைக்கு மேல், இறைச்சிக் கடையில் கத்தி மாட்டும் ஆணியில். இறைச்சிக் கடை அட்டையில் ஈ உட்கார்ந்து முப்பத்தேழு வரியும் முப்பத்தேழு ஈயும் பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தன. மீதியார் சட்டைப்பையில் சிவப்புப் பேனா வைத்துக்கொள்ளத் தொடங்கினார். அட்டையைக் கண்டால் பன்னிரண்டாவது வரியை அடித்து மேலே 1,52,990 என்று எழுதுவார். முடிதிருத்தும் கடையில் மாட்டிக்கொண்டார். கழுத்தில் துணி கட்டி, பாதிக் கன்னம் மழித்த நிலையில், கை நீட்டிக் கண்ணாடி மூலையில் இருந்த அட்டையை எடுத்துவிட்டார்.

"சார், அதுல கை வைக்காதீங்க" என்றார் கடைக்காரர். கத்தி இவர் காதோரத்தில் நின்றது.

"ஒரு வரி தப்பா இருக்கு. திருத்தித் தர்றேன்."

"திருத்தினா ராசி போயிடும்."

"தப்பை வெச்சுக்கிட்டு என்ன ராசி?"

"மாட்டினதுலேர்ந்து கூட்டம் வருது சார்."

"ஒங்க கத்தி நல்லா இருக்கறதால வருது."

கடைக்காரர் சந்தோஷப்படவில்லை. "நம்பர் கண்டுபிடிச்சவரு பெரிய அதிகாரி. அவரு தப்பாப் போடுவாரா? நீங்க யாரு சார் திருத்தறதுக்கு?"

நான்தான் என்பது மீதியாருக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் காலைத் தொட்டிருப்பார். அந்த நினைப்பே குமட்டியது. மறுபாதிக் கன்னத்தையும் மழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. உங்கள் எண்ணைத் தலையணைக்கு அடியில் வைத்தேன், வழக்கு ஜெயித்தது. உங்கள் எண்ணை எழுதித் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன், வயிற்று வலி போயிற்று. எந்தத் தண்ணீர் என்று மீதியாருக்குக் கேட்கத் தோன்றும். ஒருவர் தன் மகளின் புகைப்படத்தை அனுப்பி, பின்பக்கத்தில் ஆசி எழுதித் தரச் சொன்னார். மெக்கானிக் படியில் உட்கார்ந்து கடிதங்களை உரக்கப் படிப்பான். "மகா கணித அதிகாரி அவர்களுக்கு" என்று தொடங்கினால், மீதியார் வாரியை எடுத்துக்கொண்டு சல்லடைக்குப் போய்விடுவார்.

"என்னண்ணே, மணி ஆகலையே இன்னும்?"

"இதுக்கு அது தேவலை."

உண்மையாகவே தேவலை. சல்லடையில் நிற்பது தன்னைச் சந்தனம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இருந்தாலும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டார். பன்னிரண்டாவது வரி தப்பு, 1,42,889-ஐ 43-ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்களே பாருங்கள் என்று ஒரே வாசகம். வருடக்கணக்காகப் போட்டார். அதற்கு மட்டும் யாரும் பதில் எழுதவில்லை. ஒருவர் அவருடைய பதிலையே சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக எழுதினார்.

மச்சினன் 1997 வாக்கில் அட்டையை விட்டுவிட்டான். வாசல் கதவுக்கு நிறம் சொல்லும் தொழிலுக்கு மாறினான், அதில் வரும்படி அதிகம். எட்டும் ஒன்றும் அவனுக்கு மறந்தே போயிற்று. அத்தான் ஒருநாள் கேட்டபோது, "எந்த நம்பர்?" என்றான். மீதியார் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை.

5-8-1999 அன்று வந்த கடிதத்தை மெக்கானிக் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

"அண்ணே, இது திட்டி எழுதின கடுதாசி."

"கொண்டா."

எழுதியவர் வேறோர் ஊரில் தையல் கடை வைத்திருக்கும் பெண். கடையைக் கைமாற்றி வாங்கும்போது சுவரில் அந்த அட்டை இருந்திருக்கிறது. மரியாதைச் சொல் ஒன்றும் இல்லாமல் நேரே தொடங்கியிருந்தார்.

"அதிகாரி என்று போட்டுக்கொள்ள வெட்கமாக இல்லையா? பன்னிரண்டாவது வரி தப்பு. 43-இல் போகிறது. துணி வெட்டுகிறவள் நான், ஒரு இழுப்புத் தப்பினால் துணி முழுவதும் போச்சு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை. அதற்குக் கீழே இருக்கும் குப்பையை எல்லாம் எத்தனை பேர் வீட்டில் மாட்டவைத்தீர்கள்? அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டேன். சரியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 48,976 வரை வந்திருக்கிறது. எங்கே போகும் என்று உங்களைக் கேட்கமாட்டேன். நீங்கள் சொன்னால் நம்பவும் மாட்டேன். சீ."

மீதியார் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். 48,976 சரி. அவருடைய சங்கிலியில் பதினைந்தாவது கூட்டல் அது.

"என்னண்ணே, சிரிக்கறீங்க? அந்தம்மா காறித் துப்பியிருக்கு."

"ஆமாண்டா" என்றார் மீதியார். "சரியான எடத்துல துப்பியிருக்கு."

தப்பு தன்னுடையதுதான், 43 எப்படி விட்டுப்போயிற்று, அட்டை யார் அடித்தது என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதினார். எழுதியதைக் கிழித்தார். நம்பமாட்டேன் என்றவரிடம் கதை சொல்லி என்ன ஆகப்போகிறது? கடைசியில் ஓர் அஞ்சலட்டையில், "நீங்கள் சொல்வது சரி. மேலே போடுங்கள்" என்று மட்டும் எழுதிப் போட்டார். வளையத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்புறம் காத்திருந்தார். மற்றவர்களின் கடிதங்கள் ஓய்ந்துவிட்டன. மெக்கானிக் தபால்காரரைக் கண்டால் கையை விரிப்பான். மனைவி, "என்னங்க, அந்தப் பொம்பளை துணி தைக்கணுமா, ஒங்க நம்பரைத் தைக்கணுமா? பொறுங்க" என்பாள்.

தையல்காரரிடமிருந்து வந்த இரண்டாவது கடிதம்தான் அந்த எண்ணைப் பற்றி மீதியாருக்கு வந்த கடைசிக் கடிதம். துணி அளவு குறிக்கும் காகிதத்தில் பெரிய பெரிய எழுத்தில் இருபத்தெட்டு கூட்டல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வகுத்தல், அடித்தல் திருத்தலோடு. மீதியார் கீழறைக்குப் போகாமல் மேல்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தானும் போட்டுப் பார்த்தார். ஒரு வரியும் தப்பில்லை. கடைசி வரி 6,29,072. அதற்குக் கீழே இவ்வளவுதான்:

"இத்தனை பாடுபட்டு, கண்ணும் கெட்டு, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டதே, சனியன். உங்களுக்கு முன்பே தெரியும்தானே? தெரிந்துகொண்டே மேலே போடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனுஷன்."

வந்த தேதி 16-11-1999.